அக்காவின் வலியை நடித்தவள்

ஒற்றை ஆளாக ஒரு படுக்கை விரிப்பை மடிக்க முடியாது. நுனியைப் பிடித்தால் நடு தரையைப் பெருக்கும். நடுவைப் பிடித்தால் நுனி நழுவிக் காலைச் சுற்றிக்கொள்ளும். அம்மாவின் சலவைக் கடைக்கு மூன்று விடுதிகளிலிருந்தும் ஒரு மருத்துவமனையிலிருந்தும் விரிப்புகள் மலைமலையாக வந்தன. கீழே கடை, மேலே வீடு. கீழே துவைத்து, இயந்திரத்தில் உலர்ந்து, சூடு ஆறாமல் மேலே வரும். நடு அறையில் நின்று பிள்ளைகள் இருவரும் மடிக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டு முனை, தங்கைக்கு இரண்டு முனை. உதறு, இழு, பாதியாக்கு, மறுபடி இழு, கிட்டே வா, கொடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் ஒரு மணி நேரம் இந்தக் கூத்து.

மாதத்தில் நான்கு நாள் அக்கா வரமாட்டாள். அந்த நான்கு நாளும் தங்கைக்குத் துணை கதவுக் கொக்கி. விரிப்பின் ஒரு பக்கத்து முனைகளைச் சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டு மறுபக்கத்தை இவள் இழுப்பாள். அதற்குக் கொக்கி அக்கா என்று பெயரும் வைத்திருந்தாள். கொக்கி அக்கா உதறச் சொன்னால் உதறமாட்டாள், கிட்டே வரச் சொன்னால் வரமாட்டாள். ஆனால் அவளுக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை.

தங்கைக்கு வயது பதினைந்து. வீட்டில் கார்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை ரசீதுப் புத்தகத்தில் மேல் தாளில் எழுதியது அடித் தாளில் அப்படியே விழுவதற்கு நடுவில் ஒரு நீலத் தாள் வைப்பார்களே, அந்தத் தாளின் பெயர். யார் பேசினாலும் அரை நாளில் அவர்கள் குரல் இவள் தொண்டையில் விழுந்துவிடும். விடுதிக்காரர் தலையணை உறையைக் காணோம் என்று போனில் கத்தினால், அம்மா குரலில் இவளே எடுத்து, இருமல் ஒன்று போட்டு, பெருமூச்சு ஒன்று விட்டு, அவரையே மன்னிப்புக் கேட்க வைத்துவிடுவாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் பேச்சும் லிஃப்ட் மாதிரிதான், பாதியில் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடும். கார்பன் அதையும் செய்து காட்டுவாள். அப்பாவே சிரித்துவிட்டு, "இவ இருக்காளே, இவ..." என்று நடு மாடியில் நின்றுவிடுவார்.

கார்பன் என்ற பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அக்கா போட்ட சட்டை, அக்கா ஓட்டிய சைக்கிள், அக்கா கோடு கிழித்த பாடப் புத்தகம் எல்லாம் இரண்டாவது தடவையாகத்தான் இவளிடம் வந்து சேர்ந்தன. புத்தம் புதிதாக வீட்டில் ஏதாவது நடந்தால் அது அக்காவுக்கு நடக்கும்.

வலியும் அப்படித்தான்.

அக்கா இவளைவிட இரண்டு வயது மூத்தவள். மாதம் பிறந்து அவள் நாள் வந்துவிட்டால் வீட்டின் சுழற்சியே மாறிவிடும். சோபா அவளுக்கு. ஆரஞ்சு நிற வெந்நீர்ப் பை அவளுக்கு. நாள் முழுவதும் நின்ற காலில் நிற்கும் அம்மா, அந்த நான்கு நாள் மட்டும் சோபா ஓரத்தில் உட்காருவாள். கால் மணி நேரம் கூட உட்காருவாள். வேலையிலிருந்து வரும் அப்பா காலணியைச் சத்தமில்லாமல் கழற்றுவார். தொலைக்காட்சியில் ஒலி குறையும். பாலில் தேன் விழும்.

கார்பனுக்கும் நாள் வந்தது, போனது. தும்மல் மாதிரி. ஓட்டப் பந்தயத்துக்கு நடுவில் வந்தது ஒரு தடவை. ஓடி முடித்து, இரண்டாவது பரிசு வாங்கிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனாள். அதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்க" என்றாள். பாராட்டு மாதிரிதான் இருந்தது. அடுத்த நிமிடமே அந்தக் கல்லின் தலையில் இரண்டு கூடை விரிப்பு ஏறியது. மூத்தவளுக்கு மெல்லிய மனசு, பூஞ்சை உடம்பு, சின்னதுக்கும் துடித்துப்போவாள், இளையவள் கல். இது அந்த வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

பொறாமைக்குக் கண் கூர்மை. அன்பாக இருப்பவர்கள் அக்கா துடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பார்க்கத் தாங்கவில்லை என்று. கார்பன் திருப்பவில்லை. அப்படி என்னதான் அந்த வயிற்றில் இருக்கிறது என்று இமைக்காமல் பார்த்தாள். மூன்று வருடமாகப் பார்த்தாள்.

நாளுக்கு மூன்று நாள் முன்பே விரிப்பில் அது தெரிந்துவிடும். எதிர் முனையில் அக்காவின் பிடி மாறும். இழுக்கும்போது துணி ஒரு நொடி அதிகமாக விறைக்கும், பிறகு சட்டென்று தொய்யும். அது வலி இல்லை, பயம். அக்கா நாள்காட்டிப் பக்கம் போகாமல் சுற்றிப் போவாள். அப்புறம் நாள் வரும். இடது பக்கம் இடுப்புக்குக் கீழே ஆரம்பித்து, தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். குதிகாலைச் சுவரில் வைத்து அழுத்துவாள். தலைமுடி கிளிப்பை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். உதடு அசையும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுகிறாள் என்று கண்டுபிடிக்கக் கார்பனுக்கு இரண்டு மாதம் ஆனது. யாராவது என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அந்த ஒண்ணுமில்லையில் நான்கு தினுசு இருந்தது. முதல் தினுசு சாதாரணம். இரண்டாவதில் கடைசி எழுத்து காற்றாகப் போகும். மூன்றாவது எரிச்சல். நான்காவது மிக இனிமையாக, சிரித்துக்கொண்டே வரும். அது வந்தால் ஐந்து நிமிடத்தில் வாந்தி நிச்சயம்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று கார்பன் இந்த நான்கையும் பழகினாள். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒன்றும் தெரியவில்லை. சட்டை இவள் அளவுக்குச் சரியாக இருந்தது, உள்ளேதான் ஆள் இல்லை.

போன மாதம் பள்ளி ஆண்டு விழா. கார்பனுக்கு மேடையில் ஏழு நிமிடம், பன்னிரண்டு குரல். தலைமை ஆசிரியையிலிருந்து வாயிற்காவலர் வரை, கடைசியில் அம்மா. மூன்றாவது வரிசையில் பெற்றோருக்கு இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இரண்டு நாற்காலி மட்டும் சிரிக்கவில்லை, அவை காலி. அக்கா குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்தபோது அம்மா, எப்படியிருந்தது என்று கேட்டாள். கேட்கும்போதே வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கண் முழுக்க அக்கா வயிற்றின் மேல். கார்பன் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நடு அறைக்குப் போய், கொக்கி அக்காவோடு நாற்பது விரிப்பு மடித்தாள். ஒவ்வொன்றையும் கொக்கியே பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி இழுத்தாள்.

இந்த மாதம் விரிப்பு மறுபடி விறைத்தது. மூன்று நாள் இருக்கிறது என்று கார்பனுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை நான் முந்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்தாள்.

வீட்டில் நடிக்க முடியாது. அலமாரியில் நாப்கின் குறைவதை வைத்தே இரண்டு மகள்களின் நாளையும் அம்மா சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஓய்வறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு மின்கெட்டில், ஒரு நர்ஸ். முன்பு இருந்தவர் யார் வந்தாலும் ஒரு மாத்திரையும் "எல்லாருக்கும் வர்றதுதான், போய் உக்காரு" என்ற ஒரு வாக்கியமும் கொடுத்து அனுப்புவார். அக்கா அந்த மாத்திரையையும் வாக்கியத்தையும் மூன்று வருடம் விழுங்கியிருக்கிறாள். இப்போது வந்திருந்தவர் புதியவர், இரண்டு பிள்ளைகளையும் அவருக்குத் தெரியாது. கார்பனுக்கு வசதியாகப் போயிற்று.

திங்கட்கிழமை, கணக்கு வகுப்பு நடக்கும்போது போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள், நான்காவது தினுசில்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். கட்டிலில் படுக்க வைத்தார். கார்பனின் குதிகால் தானாகப் போய்ச் சுவரை அழுத்தியது. எங்கே வலி என்றார். இடது பக்கம் தொட்டுக் காட்டினாள். எங்கே போகிறது என்றார். தொடையில் கோடு இழுத்தாள். எத்தனை நாள் பள்ளிக்கு வராமல் போகிறது, மாத்திரை கேட்கிறதா, வாந்தி உண்டா, மயக்கம் உண்டா. எல்லாவற்றுக்கும் இவளிடம் பதில் தயாராக இருந்தது, தேதி உட்பட. அவை இவளுடைய தேதிகள் இல்லை, அக்காவுடையவை. நர்ஸ் எழுதிக்கொண்டே போனார். மலம் கழிக்கும்போதும் வலிக்குமா என்று கேட்டபோது மட்டும் கார்பன் தடுமாறினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் எட்டிப் பார்த்ததில்லை. தெரியவில்லை என்றாள். நர்ஸ் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"வலி வர்றதுக்கு முன்னாடியே பயமா இருக்குமாம்மா?"

"மூணு நாள் முன்னாடியே சிஸ்டர்," என்றாள் கார்பன். "கைல தெரியும்."

அது மட்டும் நடிக்காமல் வந்தது. நர்ஸின் முகம் மாறியது. போனை எடுத்தார்.

கால் மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். முழங்கை வரை சோப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஓடி வந்திருக்கிறாள். அம்மா ஓடி இவள் பார்த்ததே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தாள். நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: இது சாதாரண வயிற்றுவலி இல்லை. வலி பொறுக்காத பெண் என்று இப்படிப்பட்ட பிள்ளைகளை எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள், உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம், தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல் கூடும். இந்த வாரமே பெண்கள் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கடிதம் எழுதித் தந்து, வியாழக்கிழமைக்கு இடமும் வாங்கிக் கொடுத்தார்.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "கல்லு மாதிரி இருக்கான்னு சொல்லிச் சொல்லியே..." என்று ஆரம்பித்து அப்பா மாதிரி நடு மாடியில் நின்றுவிட்டாள். அழுதாள்.

கார்பன் கேட்டது அனைத்தும் கிடைத்துவிட்டது. நெற்றியில் கை, ஓடி வந்த அம்மா, கண்ணீர் கூட. ஆனால் நர்ஸ் சொன்னது காதில் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம். யார் உள்ளே?

அன்று மாலை சோபா அவளுடையது. அப்பா வந்து, காலணியை மெதுவாகக் கழற்றி, "பயப்படாத, அது வந்து..." என்று சொல்லிவிட்டு, பாக்கியைச் சொல்லத் தெரியாமல் அவள் காலைப் போர்த்திவிட்டார். தேன் கலந்த பால் வந்தது. மூன்று வருடம் எட்ட நின்று முகர்ந்த பால். பரவாயில்லை, தேன் கொஞ்சம் அதிகம்.

அக்கா வந்தாள். ஆரஞ்சுப் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டால் சுற்றி, அவளே எடுத்து வந்தாள். கார்பன் வயிற்று நடுவில் வாங்கி வைத்துக்கொண்டாள். அக்கா அதைக் கொஞ்சம் இடது பக்கமாகக் கீழே நகர்த்தி வைத்தாள்.

"இங்க வெச்சாத்தான் கேக்கும். நூறுலேருந்து ஏழு ஏழா கொறச்சு எண்ணு. தப்பாப் போனா மறுபடி மொதல்லேருந்து. யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்றேன்."

தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். அதன் ஓரமெல்லாம் பல் தடம். பிறகு தயங்கித் தயங்கி, இத்தனை நாள் நீ இதை எப்படித் தாங்கிக்கொண்டாய் என்று கேட்டாள். கேட்ட விதத்தில் இரக்கம் இருந்தது; இரக்கத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. அது என்ன என்று கார்பனுக்குத் தெரியாமல் போகுமா? கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் பொறாமைப்பட அக்காவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் கார்பன் பள்ளிக்குப் போகவில்லை. அக்கா போனாள், மதியமே திரும்பி வந்தாள். முகம் வெளுத்த துணி நிறத்தில் இருந்தது. நாள் வந்துவிட்டது என்று கார்பனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அக்கா சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று நினைத்துவிட்டாள். மருத்துவமனைக்கு மாலைக்குள் விரிப்பு போக வேண்டும், அம்மா கீழே இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கூடையை நடு அறைக்கு இழுத்துப்போய், கொக்கியில் முனைகளை மாட்டி, தனியாக மடிக்க ஆரம்பித்தாள்.

சோபாவிலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாகக் கொக்கி தெரியும், விரிப்பு தெரியும். அக்கா தெரியமாட்டாள். முதல் விரிப்பு சரியாகப் போனது. இரண்டாவதும். மூன்றாவது விறைத்து, விறைத்தபடியே நின்றது. கொக்கியிலிருந்து அந்தப் பக்கம் வரை துணி முழுவதும் நடுங்கியது. தரையில் ஏதோ மோதியது.

என்ன சத்தம் என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா." சிரித்துக்கொண்டே, மிக இனிமையாக.

கார்பன் எழுந்தாள். வெந்நீர்ப் பை தரையில் விழுந்தது. போய்ப் பார்த்தபோது அக்கா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், விரிப்பை வாயில் கவ்விக்கொண்டு. கிளிப்தான் இவளிடம் இருந்ததே. கார்பன் துவைக்கும் வாளியை அவள் முன்னால் நகர்த்தி, முடியைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். வாந்தி வந்து அடங்கியது. பிறகு கொக்கியிலிருந்து துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நடிச்சேன்."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, போ போய்ப் படு என்றாள். காதில் விழவே இல்லை.

"எனக்கு வலியே வர்றதில்ல. எப்பவும். நர்ஸ்கிட்ட உன்னைப் பண்ணிக் காட்டினேன். அந்த லெட்டர் முழுக்க நீதான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், அறைவாள் என்று கார்பன் தோளைத் தயாராக வைத்திருந்தாள்.

"எப்பவுமே வலிக்காதா?"

"தும்மல் மாதிரி போயிடும்."

"ஓட்டப் பந்தயத்தன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

அக்கா கூடையில் சாய்ந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கார்பனாலேயே பிரிக்க முடியவில்லை. எல்லோருக்கும் வருவதுதான் என்று அந்தப் பழைய நர்ஸ் சொன்னாரே, அதை அவள் அப்படியே நம்பியிருந்தாள். எல்லோருக்கும் என்றால் தங்கைக்கும். இதே வலியை வைத்துக்கொண்டு தங்கை ஓடுகிறாள், மேடை ஏறுகிறாள், நாற்பது விரிப்பு மடிக்கிறாள். தன்னால் மட்டும் முடியவில்லை. மூன்று வருடமும் அதுதான் நினைப்பு.

"சோபால படுத்துட்டு உன்னப் பார்ப்பேன்," என்றாள் அக்கா. "வயிறு எரியும். சின்னவ தாங்குறா, நான் தாங்கலைன்னு. அதனாலதான் யார்கிட்டயும் முழுசாச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

கொக்கிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் மூன்று வருடம். 

"என்னை எப்படிப் பண்ணின? காட்டு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கார்பன் செய்தாள். சுவரில் குதிகால், வாயில் கிளிப், உதட்டில் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. நான்கு ஒண்ணுமில்லையும். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தன் வலியை அவள் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் இப்படியா இருப்பேன்?"

"இதுக்கு மேல. நான் கொஞ்சம் கொறச்சுதான் பண்றேன்."

அம்மா மேலே வந்தபோது இருவரும் தரையில் இருந்தார்கள். இரண்டாவது தடவை ஒப்புக்கொள்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. அம்மா கேட்டாள், கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதி வழியில் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டது. அப்படியே திரும்பிப்போய் அவள் நெற்றியில் உட்கார்ந்துகொண்டது. அடிகூட இவளுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மருத்துவரிடம் போனார்கள். சீட்டில் இவள் பெயரை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுத வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அம்மா வழியெல்லாம் சொல்லி, கார்பனைக் கதவோரத்து முக்காலியில் உட்கார வைத்தாள். மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, சொல்லும்மா என்றார்.

அக்கா கைக்குட்டையை நீவினாள். "கொஞ்சம் வலிக்கும் டாக்டர். எல்லாருக்கும் வர்றதுதானே."

மருத்துவர் கடிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடிதத்தில் இருக்கும் பெண்ணுக்கும் எதிரில் இருக்கும் பெண்ணுக்கும் பொருத்தமில்லை. இப்போது வலி எப்படி இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்றாள் அக்கா. மருத்துவரின் பேனா தாளுக்குப் போனது. அந்த ஒற்றை மாத்திரையைத்தான் எழுதப்போகிறார் என்று கார்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"அது ரெண்டாவது ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் முக்காலியிலிருந்து.

அம்மா திரும்பினாள். திரும்பிய கண்ணில் தொலைத்துவிடுவேன் இருந்தது. கார்பன் அதற்குள் எழுந்துவிட்டாள். நாலு தினுசு இருக்கிறது, கேளுங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். ஆண்டு விழாவில் கூட அவ்வளவு சுத்தமாக வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான்காவதை முடித்ததும் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது வந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டார்.

"வாந்தி எடுப்பேன்," என்றாள் அக்கா. அதைச் சொன்னதும் குரல் அவளுக்கே வந்துவிட்டது. இடது பக்கம், தொடை, மயக்கம், பள்ளிக்குப் போகாத நாட்கள், மூன்று நாள் முன்பே வரும் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கார்பன் முக்காலியில் உட்கார்ந்து, அடித் தாளோடு சரிபார்க்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, கழிப்பறையில் உட்காரும்போது கத்தியால் குத்துவது போல இருக்கும், அதற்குப் பயந்து அந்த நான்கு நாளும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள்.

அம்மாவின் கை வாய்க்குப் போனது. கார்பனுக்குச் சுருக்கென்றது. இது அவளிடம் இல்லாதது. இவ்வளவு கண்ணைக் கொட்டாமல் பார்த்தும் விட்டுப்போனது. கடைசி வரை அக்காதான் அசல்.

மருத்துவர் ஸ்கேன் எழுதினார், பரிசோதனைகள் எழுதினார். கருப்பையின் உள்ளே இருக்கிற மாதிரித் திசு சிலருக்கு வெளியிலும் வளரும், அதுவாக இருக்கலாம், ஸ்கேனில் தெரியாமலும் போகலாம், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, ஏறும் முன்பே போட வேண்டும். பத்துக்கு எத்தனை வலி என்று தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், குறைக்காமல். கடைசி வார்த்தையை அக்காவைப் பார்த்துச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறவர்கள் உண்டு, நீங்கள் சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றபோது அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முக்காலிப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் நோட்டில் ஒன்பது இருந்தது. அதற்கடுத்த மாதம் ஆறு. மூன்றாவது மாதம் ஐந்து, ஒரு நாள் மட்டும் ஏழு. பூஜ்யம் வரவில்லை. ஆனால் மயங்கி விழவில்லை, பயம் மூன்று நாளிலிருந்து ஒரு நாளுக்கு இறங்கியது. சோபா, வெந்நீர்ப் பை, தேன் கலந்த பால் எல்லாம் அக்காவிடமே திரும்பிவிட்டன. இப்போது கூடவே ஒரு நோட்டும், எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவும் அப்பாவும். கார்பனுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது?

நான்காவது மாதம், அக்கா ஐந்து என்று எழுதிவிட்டுச் சோபாவில் படித்துக்கொண்டிருந்த மாலை, கார்பன் வழக்கம்போலக் கொக்கியில் விரிப்பை மாட்டப் போனாள். அம்மா கீழேயிருந்து ஏறி வந்து, கையை உதறித் துடைத்துவிட்டு, அவளைக் கேட்டாள்: "உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

இந்தக் கேள்விக்காக எத்தனை வருடம். கார்பன் தலையிலிருந்து கால் வரை உடம்பு முழுவதும் தேடிப் பார்த்தாள். ஒரு சுளுக்காவது, ஒரு சிராய்ப்பாவது. பாழாய்ப்போன உடம்பு.

"எங்கயும் இல்லம்மா." சொல்லும்போதே வயிற்றெரிச்சலாக இருந்தது.

அம்மா கொக்கியிலிருந்து முனைகளைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டாள். எதிரில் போய் நின்றாள். உதறினார்கள், இழுத்தார்கள். அம்மாவின் பிடி இரும்பு.

"அன்னிக்கு மேடையில என்னையும் பண்ணினியாமே. பண்ணு, பாப்போம்."

விடுதிக்காரரோடு பேசும் அம்மாவைத்தான் அன்று மேடையில் செய்திருந்தாள். இப்போது வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது. அம்மாவின் குரல், அம்மாவின் பெருமூச்சு, அம்மாவின் அவசரம்: "உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்க."

எதிர் முனையில் துணி தொய்ந்தது.  பிறகு அம்மா மெதுவாக இழுத்து நேராக்கி, பாதியாக்கி, முனைகளைக் கொடுக்கக் கிட்டே வந்தாள். கொடுத்துவிட்டும் போகவில்லை. சோப்பு வாசத்தோடு அங்கேயே நின்றாள், கை கார்பனின் கை மேலேயே இருந்தது.

சோபாவிலிருந்து அக்கா கூப்பிட்டாள், வெந்நீர்ப் பை ஆறிவிட்டதாம்.

"இரு, இவளோட மடிச்சுட்டு வரேன்," என்றாள் அம்மா.

கார்பன் அந்த 'இரு'வை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அம்மா குரல் அப்படியே விழுந்திருந்தது. அடுத்த விரிப்பைக் கூடையிலிருந்து எடுத்தாள். இருந்தவற்றில் பெரியதாகப் பார்த்து எடுத்தாள்.